வெளியே போன பூச்சி

பல்கலைக்கழக வளாகத்தில் விலங்கியல் துறையின் முதுகெலும்பிகள் காட்சிக்கூடம் மாதத்துக்கு ஒரு நாள்தான் வெளியாட்களுக்குத் திறந்திருக்கும். இரண்டாவது சனிக்கிழமை, காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. அதை விட்டால் அடுத்த மாதம்தான். அதனால்தான் கணவனுக்கு வயிறு சரியில்லை என்று தெரிந்தும் மதிவதனி மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பி வந்திருந்தாள். ஓவியா ஏழாம் வகுப்பு. திங்கட்கிழமை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. மீன், தவளை, ஊர்வன, பறவை, பாலூட்டி என்று ஐந்து வகையையும் நேரில் பார்த்து வரைந்து கொண்டுபோக வேண்டும் என்று பிடிவாதம்.

"செல்போன்ல பாத்து வரைஞ்சுக்கயேன்டி" என்று ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"செல்போன்ல எல்லாம் ஒரே சைஸும்மா. தவளையும் அஞ்சு இஞ்சு, திமிங்கிலமும் அஞ்சு இஞ்சு."

மதிவதனி கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தர். புதுச்சேரி டவுனில் பிறந்து, வேலை கிடைத்துக் காரைக்காலுக்கு வந்து, வரிச்சிக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவன் புகழேந்திக்குக் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை. நிலக்கரி லாரிகளை எடைமேடையில் ஏற்றி இறக்கி எடை குறிப்பவன். முந்தின நாள் ஷிப்ட் முடிந்து வழியில் புரோட்டா தின்றுவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு வந்தான். முதுகுவலிக்காரன் என்பதால் அவன் கட்டிலில் படுப்பதில்லை. கொல்லைக் கதவை ஒட்டித் தரையில் பாய் விரித்துப் படுப்பதுதான் வழக்கம். விடியற்காலை ஐந்து மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். இரண்டு தடவை வாந்தி எடுத்தான்.

"புரோட்டா வேலையக் காட்டுது" என்றான்.

அவள் ஓமத்தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, பின்பக்கக் குழாயில் குடம் வைத்திருந்த அடுத்த வீட்டு அமுதம் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள். பூச்சி ஏதோ ஒன்று கொல்லைப் பக்கம் போகிறது என்றாள். மதிவதனி அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமலே பதில் சொல்லி அனுப்பினாள்.

எட்டரை மணிக்குப் புகழேந்திக்கு வயிற்றுவலி கொஞ்சம் மட்டுப்பட்ட மாதிரி இருந்தது. "கண்ணு சொக்குது மதி. நாலு நாளா தூக்கம் கெட்டுப்போச்சு. யாரும் வந்து எழுப்ப வேணாம்" என்று மறுபடி பாயில் படுத்துக்கொண்டான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் டிவி பார்க்க வந்து கதவைத் தட்டிவிடுவார்கள் என்று, கிளம்பும்போது அவள் வாசல் கதவை வெளியே பூட்டினாள். கொல்லைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. சாவி கைப்பையில் இருந்தது.

காட்சிக்கூடத்துக்குள் நுழைந்ததும் மூக்கை அரித்தது ஒரு வாடை. கண்ணிலும் நீர் வந்தது.

"பார்மலின்ங்க. ரெண்டு நிமிஷத்துல பழகிடும்" என்றாள் பஹீமா. அவள் அங்கே ஆராய்ச்சி மாணவி. பார்வையாளர் நாளில் கூடத்தைச் சுற்றிக் காட்டுவது அவள் பொறுப்பு. கேட்க ஆள் கிடைத்துவிட்டால் நிறுத்த மாட்டாள் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது. முன்னால் நடந்துகொண்டே பின்னால் திரும்பித் திரும்பிப் பேசினாள். மழை என்பதால் அன்றைக்கு இவர்கள் இருவரைத் தவிர வேறு பார்வையாளர்கள் இல்லை. கூடத்து உதவியாளர் சோமசேகரன் ஒரு ஏணியில் நின்று, மேல் தட்டில் இருந்த புட்டிகளில் குறைந்துபோன திரவத்தை ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தார்.

ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். வெளிச்சம் பட்டால் உள்ளே இருப்பதன் நிறம் வெளுத்துவிடும் என்றாள் பஹீமா. ஆகவே பகலிலும் டியூப்லைட்தான். இரண்டு பக்கமும் ஆளுயர அலமாரிகள். அவற்றில் வரிசை வரிசையாகப் புட்டிகள். சுறாக் குட்டிகள், திருக்கை, முள்ளை விறைத்துக்கொண்ட பேத்தை மீன், பல்லைக் காட்டும் கீரிப்பிள்ளை. எல்லாவற்றுக்கும் கண் வெள்ளையாக இருந்தது. மதிவதனிக்கு அந்த வெள்ளைக் கண்கள் பிடிக்கவில்லை. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவளையே பார்ப்பது போலிருந்தது.

"ஏன் மிஸ் கண்ணு இப்படி இருக்கு?" என்று ஓவியா கேட்டாள்.

"முட்டைய வேக வச்சா வெள்ளைக்கரு எப்படி ஆவுது? கண்ணுக்குள்ள இருக்குற லென்ஸும் அந்த மாதிரி சரக்குதான். பார்மலின் அதை நெருப்பு இல்லாமலே வேக வச்சிரும். அதனாலதான் கெட்டும் போவாது. ஆனா சும்மா முக்கி வச்சாப் போதாது. வயித்துக்குள்ள ஊசி போட்டு ஏத்தணும். இல்லேன்னா வெளியில நல்லா இருக்கும், உள்ள அழுவிடும்."

கூடத்தின் நடுவில் கம்பிகளில் தொங்கியது ஓங்கில் எனப்படும் டால்பின் ஒன்றின் எலும்புக்கூடு. கருக்களாச்சேரிக் கரையில் செத்து ஒதுங்கியதை, மீனவர்களிடம் கேட்டு வாங்கி, ஒரு வருஷம் மணலில் புதைத்து வைத்து, சதையெல்லாம் புழுக்கள் தின்று முடித்த பிறகு தோண்டி எடுத்தார்களாம். பஹீமா அதன் துடுப்பைச் சுட்டினாள். மீன் துடுப்பு மாதிரி அல்ல. உள்ளே தோள் எலும்பு, முழங்கை, மணிக்கட்டு, ஐந்து விரல்கள்.

"கையுறை போட்ட மாதிரி" என்று ஓவியா குனிந்து வரையத் தொடங்கினாள்.

மதிவதனி அந்த ஐந்து விரல்களைப் பார்த்தாள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று. உள்ளே வேறு ஒன்று. கைப்பையிலிருந்து போனை எடுத்து மணி பார்த்தாள். பத்து ஐம்பது. தூங்குகிறவனை எழுப்ப வேண்டாம் என்று திரும்ப உள்ளே வைத்தாள்.

அடுத்தது ஊர்வன. பஹீமா ஒரு அலமாரியைத் திறந்து, பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு புட்டிகளைக் காட்டினாள். இரண்டிலும் சுருண்டு கிடந்தன இரண்டு கறுத்த பாம்புகள். இரண்டின் மேலும் வெள்ளைக் கோடுகள்.

"இதுல ஒண்ணு கடிச்சா சோப்புப் போட்டுக் கழுவிட்டுப் போயிரலாம். இன்னொண்ணு கடிச்சா ஆளே போயிருவாங்க. எது எதுன்னு சொல்லு பாப்போம்."

ஓவியா பருமனாக இருந்ததைத் தொட்டாள். பிறகு விரலை மாற்றினாள்.

"நீ மட்டும் இல்ல, வயசானவங்களே தப்பாத்தான் சொல்லுவாங்க. இங்க பாரு. கட்டு எங்கேருந்து ஆரம்பிக்குது? இதுல கழுத்துலேயே ஆரம்பிச்சு வால்கிட்ட போவப் போவ மங்கிடுது. இது வெள்ளிக்கோல் வரையன், விஷம் கெடையாது. இதுல தலைக்குக் கீழ ஒரு சாண் வரைக்கும் வெறும் கறுப்பு. அதுக்கப்புறம் மெல்லிசா, ரெண்டு ரெண்டா, வால் நுனி வரைக்கும் பளிச்சுன்னு கட்டு. இதுதான் கட்டுவிரியன். இன்னும் சந்தேகமா இருந்தா முதுகெலும்பு மேல பாரு. நடுவுல ஓடுற செதில் மட்டும் பெருசா, ஆறு மூலையா இருக்கும். செத்த பாம்புலதான் அதைப் பாக்கணும், உயிரோட இருக்குறதுல பாக்கப் போவாதே."

மதிவதனி ஒரு அடி பின்னால் நின்றுதான் கேட்டாள். பஹீமாவுக்கு வேகம் பிடித்திருந்தது.

"இது பகல்ல வெளியில வராது. மழை பெஞ்சு வயல்ல தண்ணி நின்னுச்சுன்னா எலியத் தேடி, காஞ்ச எடம் தேடி வீட்டுக்குள்ள வரும். தரையில படுத்திருக்குறவங்க பக்கத்துல வந்து சுருண்டுக்கும். அவங்க புரண்டு படுக்கும்போது கடிக்கும். பல்லு ரொம்பச் சின்னது. எறும்பு கடிச்ச அளவுக்குக்கூட வலிக்காது. தடமும் இருக்காது. தூங்குறவங்க தூங்கிட்டே இருப்பாங்க."

"அப்ப எப்படித் தெரியும்?" என்றாள் ஓவியா.

"அதுதான் தெரியாது. விடியக்காலையில வயித்துவலின்னு எழுந்திருப்பாங்க. வாந்தி வரும். சாப்பாடு ஒத்துக்கலன்னு நெனச்சுக்குவாங்க."

மதிவதனியின் கை கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தது. புரோட்டா, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். தின்றது புரோட்டாதான். அந்தக் கடையில் தின்று இதற்கு முன்னும் ஒரு தடவை வயிற்றால் போனது. ஊரில் வயிறு வலிக்கிறவனையெல்லாம் பாம்பா கடித்தது?

"அப்புறம் கண் இமை இறங்கும். தூக்கக் கலக்கம்னு இருந்திருவாங்க."

நான்கு நாள் ஷிப்ட், என்று சொல்லிக்கொண்டாள். தூக்கம் கெட்டவனுக்குக் கண் சொக்காதா.

அந்த நேரத்தில் கரண்ட் போனது.

டியூப்லைட் அணைந்ததும் கூடம் முழு இருட்டானது. கறுப்புத் தாள் ஒட்டிய ஜன்னல்களில் ஒரு கோடு வெளிச்சம்கூட இல்லை. தகரக் கூரை மேல் மழை விழும் சத்தம் மட்டும் திடீரென்று பெரிதாகக் கேட்டது. அலமாரியின் கண்ணாடிக் கதவு திறந்தபடி கிடந்தது. அதற்கு ஒரு கை தூரத்தில் ஓவியா நின்றாள்.

ஏணியின் உச்சியிலிருந்து சோமசேகரனின் குரல் வந்தது. "பாப்பா, நகராதம்மா. பூச்சி இருக்குற புட்டி கதவோரமா நிக்குது. கை பட்டு விழுந்திரப் போவுது."

பஹீமா சிரித்தாள். "அண்ணே, மணி பதினொண்ணு. பகல்லயே பூச்சியா? விளக்கு வச்சாத்தானே அப்படிச் சொல்லுவீங்க?"

"இருட்டுன்னா இருட்டுதாங்க. அது என்ன கடிகாரமா பாக்குது? அந்தி ஆனாலும் சரி, விடியாம இருந்தாலும் சரி, இருட்டுல அதோட பேரச் சொல்லிக் கூப்புட மாட்டோம். பழகிப்போச்சு."

மதிவதனிக்கு அந்த வழக்கம் தெரியும். கல்யாணமான புதிதில், விளக்கு வைத்த பிறகு பாம்பு என்று சொல்லி, ஊரில் நாலு பேர் அவளைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். பேரைச் சொன்னால் வந்துவிடுமாம். அதனால் பூச்சி என்பார்கள். அந்தியில் யாராவது பூச்சி என்றால் அவளும் காலைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கற்றிருந்தாள். ஆனால் அவள் கற்றது அந்திக்கு மட்டும்தான். காலை ஐந்தரை மணியை அவள் காலை என்றே நினைத்திருந்தாள். பால்காரன் வருகிற நேரம், ஓமத்தண்ணீர் கொதிக்கிற நேரம். மழை மூட்டத்தில் வெளியே இன்னும் கும்மிருட்டு என்பது அடுப்படி விளக்கின் கீழ் நின்ற அவளுக்கு உறைக்கவில்லை.

அமுதம் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை காதில் திரும்ப விழுந்தது.

"அண்ணி, உங்க கொல்லைக் கதவு அடியிலேர்ந்து பூச்சி ஒண்ணு வெளியில போவுது."

அதற்குத் தான் சொன்ன பதிலும்.

"போனாப் போவட்டும் விடு. ஞாயித்துக்கெழம மருந்தடிச்சிருவோம்."

வெளியே போனது. அப்படியென்றால் உள்ளே இருந்திருக்கிறது. ராத்திரி முழுவதும். அந்தக் கதவை ஒட்டித்தான் பாய்.

"அம்மா" என்றாள் ஓவியா இருட்டில். குரல் சின்னதாக இருந்தது. "நான் காலையில டாட்டா சொல்றப்ப அப்பா என்னைப் பாத்து, ரெண்டு ஓவியா நிக்கிறீங்களே, எவ என் பொண்ணுன்னு கேட்டாரு. வெளையாடுறாருன்னு நெனச்சேன்."

பஹீமாவின் போன் டார்ச் எரிந்தது.

"அக்கா, ரெண்டாத் தெரியுறதும் அந்த விஷத்தோட அடையாளந்தான்" என்றாள் அவள். அதுவரை மேடம் என்றுதான் அழைத்திருந்தாள். "உங்க வீட்டுக்காரரு இப்ப எங்க இருக்காரு? தரையிலயா படுப்பாரு?"

புகழேந்தியின் போன் முழுவதும் அடித்து நின்றது. மறுபடி அடித்து நின்றது. மூன்றாவது தடவை அவள் அமுதத்துக்குப் போட்டாள். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னாள் பஹீமா.

"அமுதம், காலையில பூச்சின்னு சொன்னியே. அது என்ன?"

"பாம்புதான் அண்ணி. நீங்க மருந்தடிப்போம்னீங்க. அண்ணிக்கு என்னா துணிச்சல்னு நெனச்சுக்கிட்டே போனேன். எங்க வீட்டுக்காரருகிட்டகூட சொல்லிச் சிரிச்சேன்."

பஹீமா போன் பக்கம் குனிந்தாள். கட்டுவிரியன் இருந்த புட்டியின் மேல் அவள் டார்ச் வெளிச்சம் விழுந்திருந்தது. "அக்கா, அது எப்படி இருந்துச்சு? கோடு எங்கேருந்து எங்க வரைக்கும் இருந்துச்சு?"

"யாரு பேசுறது?"

"சொல்லு அமுதம்" என்றாள் மதிவதனி.

"போவுறப்பதானே பாத்தேன். தல படியத் தாண்டிப் புல்லுக்குள்ள போயிருச்சு. டார்ச்சு அடிச்சப்ப வால்தான் தெரிஞ்சுது. நுனி வரைக்கும் வெள்ளையா, மோதிரம் மோதிரமா."

பஹீமா நிமிர்ந்து மதிவதனியைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். வரையனுக்கு வால் பக்கம் கோடு மங்கிவிடும் என்று பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் சொல்லியிருந்தாள்.

"அமுதம், உன் வீட்டுக்காரர எங்க வீட்டுக்குப் போவச் சொல்லு. ஓடச் சொல்லு. ஒங்க அண்ணனைப் பாம்பு கடிச்சிருக்கு."

அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சாவி ஞாபகம் வந்தது. கைப்பைக்குள் கை விட்டாள். இருந்தது. வரிச்சிக்குடி வீட்டின் வாசல் பூட்டைத் திறக்கிற ஒரே சாவி.

அமுதத்தின் கணவன் சுப்ராயன் குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். மழையால் அன்று சவாரி இல்லாமல் வீட்டில்தான் இருந்தான். போன் அவன் கைக்கு மாறியது. மூச்சு வாங்க ஓடும் சத்தம் கேட்டது.

"பூட்டியிருக்கு தங்கச்சி."

"கொல்லைக் கதவ உடைங்கண்ணே."

"உள்ள தாப்பா போட்டிருக்கே."

"உடைங்க."

ஒரு அடி. இன்னொரு அடி. பழைய பலாமரக் கதவு அது. அடியில் இரண்டு விரல் இடைவெளி உண்டு. எலி வருகிறது, பலகை அடிக்க வேண்டும் என்று புகழேந்தி இரண்டு மழைக்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான்காவது அடியில் மரம் பிளந்தது. சுப்ராயனின் காலடி. பிறகு, "மச்சான். டேய் மச்சான்." பிறகு ஒன்றும் இல்லை.

பஹீமா டார்ச்சைப் போன் பக்கம் திருப்பியதில் புட்டியின் நிழல் சுவரில் ஆடியது.

"மூச்சு இருக்கு" என்றான் சுப்ராயன். "லேசா இருக்கு தங்கச்சி. வாயோரம் எச்சி வடியுது. கண்ணத் தொறக்க மாட்டேங்குறான். கூப்புட்டா பேச மாட்டேங்குறான்."

"மாட்டேன்னு இல்லண்ணே, முடியல" என்று பஹீமா குறுக்கே பேசினாள். "அவருக்குக் காது கேக்கும். மயக்கம் இல்ல. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, எச்சி தொண்டைக்குள்ள போவக்கூடாது. எங்கேயும் கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க. அப்படியே தூக்கி வண்டியில போடுங்க."

"போனை அவரு காதுல வைங்கண்ணே" என்றாள் மதிவதனி.

வைத்தார்களா என்று தெரியவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏங்க. நான்தாங்க. தூங்காதீங்க."

பிறகு ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டர் ஓட்டிய அந்த இருபது நிமிஷத்தில் அவள் நினைத்தது ஒன்றே ஒன்றைத்தான். எட்டரை மணியிலிருந்து பதினொரு மணி வரை அவன் கேட்டுக்கொண்டிருந்திருப்பான். வாசல் பூட்டு விழுந்ததை, ஸ்கூட்டர் போனதை, போன் இரண்டு தடவை அடித்து நின்றதை. கையை நீட்டி எடுக்க முடியாமல், கண்ணைத் திறக்க முடியாமல், கேட்டுக்கொண்டு. ஓவியா பின்னால் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

பஹீமா முன்கூட்டியே போன் செய்திருந்தாள். அவர்கள் துறைக்கு வந்து பாடம் எடுக்கிற டாக்டர் நஸ்ருதீன் வாசலிலேயே நின்றார். குட்டியானை உள்ளே வந்தபோது பின்பக்கம் பாயோடு கிடந்தான் புகழேந்தி. அமுதம் அவன் தலையை மடியில் ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு தார்ப்பாயைக் குடையாகப் பிடித்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சு ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்குத் தெரியவில்லை.

டாக்டர் உடம்பு முழுவதும் தேடினார். பல் தடம் எங்கும் இல்லை.

"பாம்புன்னு நிச்சயமாத் தெரியுமா?"

"நான் பாத்தேன் சார்" என்றாள் அமுதம். "பேரச் சொல்லத்தான் இல்ல."

டாக்டர் வேறு எதுவும் கேட்கவில்லை. தொண்டைக்குள் குழாய் இறங்கியது. விஷமுறிவு மருந்து சொட்டுச் சொட்டாக ஏறத் தொடங்கியது. கதவு மூடியது.

சாயங்காலம் அவர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து விளக்கினார். எதையும் மறைக்கவில்லை. அதனாலேயே கேட்க இன்னும் பயமாக இருந்தது.

"உங்க ஊர்ல வயலுக்குத் தண்ணி எப்படி வருது? வாய்க்கால்ல வருது. வாய்க்காலுக்கும் வயலுக்கும் நடுவுல மடை இருக்குல்ல. மூளைதான் தண்ணி வர்ற ஆறு. நரம்பு வாய்க்கால். தசை வயல். இந்த விஷம் வாய்க்காலையும் ஒண்ணும் பண்ணல, வயலையும் ஒண்ணும் பண்ணல. மடைய மட்டும் மூடிருச்சு. அவரு கண்ணைத் தொறக்கணும்னு நெனைக்கிறாரு. நெனப்பு மடை வரைக்கும் வருது. அதுக்கு மேல போவல. மூச்சு விடுற தசைக்கும் அதே கதைதான்."

"மருந்து குடுத்தீங்கல்ல?"

"மருந்து ரத்தத்துல சுத்துற விஷத்தைத்தான் பிடிக்கும். மடையில போய் உக்காந்ததைப் பிடிக்காது. அந்த மடை பழசு போயி, புதுசா முளைக்கணும். நாலு நாளும் ஆவலாம், பத்து நாளும் ஆவலாம். அதுவரைக்கும் மோட்டார் வச்சு இறைக்கிற மாதிரி மெஷின் மூச்சு விடும். நடுவுல நெஞ்சுல சளி கட்டாம இருக்கணும்."

"உயிரு?"

"இன்னும் அரை மணி நேரம் ஆயிருந்தா இந்தக் கேள்விக்கே வேலை இருந்திருக்காது. இப்ப இருக்கு. பாப்போம்."

மூன்று நாட்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் அப்படியே கிடந்தான். மெஷின் புஸ்ஸென்று ஊதும், நெஞ்சு உயரும். நிறுத்தும்; தாழும். இமைகள் மூடியே இருந்தன. மதிவதனிக்கு அந்தக் கூடத்தின் அலமாரிகள் கண்ணில் வந்தன. வெளியிலிருந்து பார்த்தால் கெடாமல் இருக்கும் உடம்புகள். உள்ளே ஆள் இருக்கிறானா என்று யார் பார்த்துச் சொல்வது? காது கேட்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். கேட்டது என்று அவன் சொல்லவில்லையே.

அமுதம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து பக்கத்தில் உட்காருவாள். இரண்டாம் நாள், "பேரச் சொல்லித் தொலச்சிருக்கலாம் நான்" என்றாள்.

"என்னன்னு நான் திரும்பிப் பாத்திருக்கலாம்" என்றாள் மதிவதனி.

தூக்கில் இருந்த ரசம் சாதத்தை அமுதம் பிசைந்து கொடுத்தாள்.

நான்காம் நாள் மதியம் டாக்டர் நஸ்ருதீன் ஓவியாவையும் உள்ளே கூப்பிட்டார். காலில் ஏதோ அசைவு இருப்பதாக நர்ஸ் சொன்னாராம். தானாகத் துடித்ததா, அவனாக அசைத்ததா என்று பார்க்க வேண்டும். தெரிந்த குரல் கேட்டால் நல்லது என்றார். முகத்தில் துணி கட்டிக்கொண்டு இருவரும் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்கள்.

"வலது கால் கட்டைவிரல். ஏதாவது கேளுங்க. ஆமா, இல்லன்னு வேணாம், எண்ணிச் சொல்ற மாதிரி கேளுங்க. அப்பத்தான் தற்செயல் இல்லேன்னு தெரியும்."

அவர் தலைமாட்டுக்குப் போய், இரண்டு விரல்களால் புகழேந்தியின் இமைகளை மேலே தூக்கிப் பிடித்தார். கண்கள் வெள்ளையாக இருக்குமோ என்று மதிவதனி எட்டிப் பார்த்தாள். கறுப்பாகத்தான் இருந்தன. ஈரமாக இருந்தன. ஆனால் அவை நகரவில்லை. நேர் எதிரே, ஓவியா நிற்கிற பக்கம் விழுந்தபடி அசையாமல் நின்றன.

மதிவதனி மகளின் தோளைப் பிடித்துக் கட்டிலின் நடுவுக்கு நேராக நிறுத்தினாள்.

"ஏங்க" என்றாள். "எதிர்ல எத்தனை ஓவியா நிக்கிறா? ஒருத்தின்னா ஒரு தடவை விரலை ஆட்டுங்க. ரெண்டு பேருன்னா ரெண்டு தடவை."

மெஷின் ஊதியது. நிறுத்தியது. போர்வைக்கு வெளியே நீண்டிருந்த பாதம் அப்படியே இருந்தது. குதிகாலில் நிலக்கரிக் கறுப்பு ஏறிய வெடிப்புகள். மெஷின் மறுபடி ஊதியது. ஓவியா இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, படம் எடுக்க நிற்கிறவள் போல ஆடாமல் நின்றாள்.

கட்டைவிரல் மெல்ல மடங்கியது. நிமிர்ந்தது.

ஒன்று.

மதிவதனி குனிந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷின் ஊதியது, நின்றது, ஊதியது, நின்றது. இரண்டாவது அசைவு வந்துவிடக்கூடாது என்று ஒவ்வொரு மூச்சாக எண்ணினாள். பத்து எண்ணினாள். பிறகும் எண்ணினாள். அது வரவில்லை.